ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது? தருமபுரி, கிருஷ்ணகிரி தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் நடக்கும் தாய்மார் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பென்னாகரம் பக்கத்து மலையோரக் கிராமமாக இருந்தாலும் சரி, ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்து வாடகைக்கு இருக்கும் குடும்பமாக இருந்தாலும் சரி, கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளும் இதைப் படிக்க வேண்டும், அல்லது யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். பல வீடுகளில் ஊட்டுகிற கை அவர்களுடையது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்பும் கேழ்வரகும் கீரையும் இருக்கிற வீட்டில்கூடக் குழந்தை மெலிந்து போகிறது. அங்கே போய்ப் பார்த்தால் கிண்ணத்தில் தண்ணியாக ஏதோ ஒன்று இருக்கும். அதனால் கீழே பல பதில்களில் ‘கெட்டி’ என்ற சொல் வந்துகொண்டே இருக்கும்.

ஆறு மாதம் என்றால் ஆறாவது மாதம் பிறந்ததுமா, முடிந்த பிறகா?

முடிந்த பிறகு. அதாவது பிறந்து 180 நாள் ஆனதும், ஏழாவது மாதத்தின் தொடக்கத்தில். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். சித்திரை வெயிலிலும் வேண்டாம், பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எப்போது தொடங்கலாம் என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து எல்லாம் கொடுப்பது பரம்பரைப் பழக்கமாயிற்றே?

பழக்கம்தான், தெரியும். தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்களவு பாலுக்குக் காசு வாங்குவதும் இன்னும் நடக்கிறது. கறந்த பாலைக் காய்ச்சாமல் பச்சையாகப் பச்சிளங் குழந்தைக்குக் கொடுத்தால் அதிலுள்ள கிருமி நேராகக் குடலுக்குப் போகும். தேனில் ஒரு வகை நச்சுக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர் வயிறு அதைத் தாங்கும், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடல் தாங்காது. தசைகள் தளர்ந்து மூச்சு அடைக்கும் அளவுக்குப் போகக்கூடிய நோய் அது. அதனால் ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தொட்டு வைப்பதுகூட வேண்டாம்.

வசம்பு, ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பதில் அளவு யாருக்கும் தெரிவதில்லை, உரைக்கும் கல்லும் சுத்தமாக இருப்பதில்லை. பாட்டிக்கு மனம் கேட்கவில்லை என்றால் வசம்பைக் கையில் வளையமாகக் கட்டட்டும், வாய்க்குள் வேண்டாம். அதைக் குழந்தை எடுத்துக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எனக்குப் பால் நிறைய இருக்கிறது. எட்டு, ஒன்பது மாதம் வரை பாலை மட்டும் கொடுத்தால் என்ன?

பால் நிறைய இருப்பது நல்ல விஷயம். இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் கொடுங்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அது மட்டும் காணாது. வயிற்றில் இருந்தபோது அம்மாவிடமிருந்து வாங்கிச் சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. குழந்தையோ குப்புற விழுந்து, உட்கார்ந்து, தவழத் தொடங்கும் நேரம். பாலுக்கு மேல் நாளுக்குச் சுமார் 200 கலோரி 6 முதல் 8 மாதத்தில் தேவை. 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550.

எட்டு மாதத்துக்கு மேல் தள்ளிப் போட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. அரைத்ததை, மசித்ததை நாக்கால் தள்ளி மென்று பழகும் பருவம் அது. அப்போது பழகாத குழந்தை பிறகு எதைக் கொடுத்தாலும் துப்பும். அப்புறம் ‘என் பிள்ளை சோறே சாப்பிட மாட்டேங்குது’ என்று அதே கூட்டத்துக்கு வந்து வருத்தப்பட வேண்டியிருக்கும்.

முதல் உணவாக எதைக் கொடுப்பது? கேழ்வரகா, சாதமா?

எதுவும் சரிதான். நம் பக்கம் கேழ்வரகு எளிதாகக் கிடைக்கும். 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் விரும்பியவர்களுக்கு அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடும் வந்தது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான்.

கேழ்வரகை இரவு ஊற வைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சுவது இங்கே பழைய வழக்கம். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு அது நன்றாகச் செரிக்கும். அதன் பிறகு பிழியாமல், சலித்த மாவாகவே பயன்படுத்துங்கள். துணியில் தங்கி வெளியே போவதில் சத்தும் சேர்ந்தே போகிறது.

குழைந்த சாதமும் பாசிப்பருப்பும், மசித்த வாழைப்பழம், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய் எல்லாமே நல்ல தொடக்கம். ஒரு புது உணவைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் அதையே தொடருங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும். முதல் நாள் இரண்டு ஸ்பூன் போதும்.

தண்ணியாக இருந்தால்தானே தொண்டையில் இறங்கும்? கெட்டியாகக் கொடுத்தால் விக்காதா?

எல்லாத் தாய்மார்களுக்கும் இந்தப் பயம் இருக்கிறது. பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஆறு மாதக் குழந்தையின் வயிறு மிகச் சிறியது. ஏழு கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு 200 கிராம் வாங்கினால் அதிகம். அந்த 200 கிராமும் கஞ்சித் தண்ணியாக இருந்தால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. குழந்தை ‘போதும்’ என்று முகத்தைத் திருப்பும். நாமும் சாப்பிட்டுவிட்டது என்று நினைப்போம். ஒரு மணி நேரத்தில் அழும். பால் குறைந்துவிட்டது என்று அம்மா தன்னையே நொந்துகொள்வாள்.

பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, ரசத்தின் தெளிவு, காய் வேகவைத்த தண்ணீர் ஆகிய நான்கும்தான் நம் வீடுகளில் முதல் உணவாகப் போகின்றன. பருப்பின் புரதம் பருப்பில்தான் இருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீரை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பருப்பை நாம் சாப்பிடுகிறோம். மாற்றிச் செய்ய வேண்டும்: பருப்பு குழந்தைக்கு, தண்ணீர் நமக்கு.

பதம் பார்க்க ஒரு வழி. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஒழுகி ஓடினால் தண்ணி. ஸ்பூனிலேயே நின்று, மெதுவாக நழுவினால் சரி. கட்டி இல்லாமல் மசித்திருந்தால் கெட்டி உணவு விக்காது. விக்க வைப்பவை வேறு: முழு நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, மாதுளை முத்து. இவற்றை ஐந்து வயது வரை முழுதாகக் கொடுக்கக் கூடாது. படுக்க வைத்து ஊட்டுவதும் கூடாது. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும்.

சில குழந்தைகள் கெட்டியை நிஜமாகவே தள்ளும். அவர்களுக்கு ஓர் அருமையான வழி நம் கேழ்வரகிலேயே இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டு. கஞ்சியைக் களி மாதிரிக் கெட்டியாகக் காய்ச்சி இறக்குங்கள். கொஞ்சம் சூடு தணிந்ததும் முளைகட்டிய மாவு ஒரு சிறு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றாமல் கஞ்சி தானாக இளகிவிடும். மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். இளகிய கஞ்சியிலும் கெட்டிக் கஞ்சியின் சத்து முழுவதும் அப்படியே இருக்கும். கூட்டத்தில் செய்து காட்டும்போது பாட்டிகள் எழுந்து வந்து கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார்கள். இதற்குக் கடையில் வாங்க ஒன்றுமே இல்லை.

ஊட்டும் ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தில் ஒரு சிறு ஸ்பூன் நெய்யோ, கடலை எண்ணெயோ, நல்லெண்ணெயோ சேருங்கள். அளவு கூடாமலே சத்து கூடும்.

வீட்டில் சத்துமாவு எப்படிச் செய்வது? அங்கன்வாடியில் தரும் மாவு போதாதா?

அங்கன்வாடி இணை உணவு மாவு நல்லதுதான். தானியமும் பருப்பும் சேர்ந்து, உயிர்ச்சத்துகளும் கலந்து வருகிறது. ஆறு மாதம் முடிந்ததும் குழந்தையின் பெயரைப் பதிந்து வாங்குங்கள். வெல்லம் ஏற்கெனவே கலந்திருப்பதால் மேலே சர்க்கரை போட வேண்டாம். என் கவலை வேறு: அந்த மாவு குழந்தையின் பங்கு, ஆனால் உருண்டை பிடித்து வீட்டில் எல்லாருக்கும் போய்விடுகிறது. சில வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பாக்கெட்டைக் குழந்தைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டில் செய்வதென்றால் கேழ்வரகு மூன்று பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, நிலக்கடலை அரைப் பங்கு. கேழ்வரகையும் பயறையும் தனித்தனியாக ஓர் இரவு ஊற வைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை வையுங்கள். சிறு முளை வந்ததும் நிழலில் நன்றாகக் காய வைத்து, லேசாக வறுத்து மில்லில் கொடுத்து அரையுங்கள். முளை கட்டுவதால் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது ஒன்றுகூடச் சேரக் கூடாது. அந்தப் பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஈரமில்லாத டப்பாவில் மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் போட்டு வையுங்கள்.

பாதாம், பிஸ்தா எல்லாம் போட்டு இருபது பொருள் சேர்த்தால்தான் சத்துமாவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று பொருள் போதும்.

எத்தனை வேளை, எவ்வளவு?

250 மில்லி பிடிக்கும் ஒரு கிண்ணத்தைக் குழந்தைக்கென்று தனியாக வையுங்கள். கிண்ணம் தனியாக இருந்தால்தான் எவ்வளவு போனது என்று தெரியும்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று பெரிய ஸ்பூன், இரண்டு மூன்று வேளை. எட்டு மாதம் ஆகும்போது வேளைக்கு அரைக் கிண்ணம் வரை வந்திருக்க வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு முறை பழமோ வேகவைத்த கிழங்கோ. ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம் வரை, அதே மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் இல்லாத குழந்தை என்றால் கூடுதலாக ஒன்றிரண்டு வேளையும் பாலும் வேண்டும்.

பதமும் மாற வேண்டும். முதலில் மசித்தது, எட்டு ஒன்பது மாதத்தில் கையால் பிசைந்தது, குழந்தையே எடுத்துத் தின்னும் சிறு துண்டுகள், ஒரு வயதில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவது. ஒரு வயதுக்கு மேலும் மிக்ஸியில் அரைத்தே கொடுப்பதை நிறுத்துங்கள்.

களியும் சாறும்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. அதைக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஒன்பது மாதத்திலிருந்து சூடான களியை எடுத்து, கெட்டிப் பருப்போ கீரைக் கடைசலோ ஊற்றி, நெய் விட்டு, கட்டியில்லாமல் நன்றாகப் பிசைந்து ஊட்டுங்கள். பெரியவர்கள் மாதிரி உருண்டையாக விழுங்க வைக்கக் கூடாது. காரமும் உப்பும் சேர்ப்பதற்கு முன்பே குழந்தையின் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

மார்கழி, தையில் அவரைக்கொட்டை வரும்போது பிதுக்குப் பருப்பு செய்வோமே, அது குழந்தைக்குக் கிடைக்கும் மிக நல்ல பருப்பு உணவுகளில் ஒன்று. தோல் போய்விடுவதால் வெண்ணெயாக மசியும். துவரை, காராமணி, கொள்ளு எதுவானாலும் நன்றாக வெந்து மசிந்தால் சரி. முருங்கைக்கீரையை ஆய்ந்து, வேகவைத்து, பருப்போடு கடைந்து கொடுங்கள். கொல்லையில் மரம் நிற்கிறது, கடையில் டானிக் வாங்குகிறோம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

முட்டை, கறி எப்போது கொடுக்கலாம்? முட்டை சூடு என்கிறார்களே?

ஆறு மாதம் முடிந்து, கூழும் பருப்பும் பழகியதும் கொடுக்கலாம். ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. நன்றாக வேகவைத்த முட்டை, மஞ்சள் வெள்ளை இரண்டும். மசித்துத் தாய்ப்பாலிலோ சாதத்திலோ கலந்து தொடங்குங்கள். பாதி வெந்தது வேண்டாம். முட்டையால் சூடு வருவதில்லை. உடம்பில் தடிப்பு, வாந்தி, முகம் வீங்குவது ஏதாவது வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கோழி ஈரலை வேகவைத்து மசித்து வாரம் ஒருமுறை இரண்டு ஸ்பூன் கொடுங்கள். இரும்பும் வைட்டமின் ஏ-யும் அதில் ஏராளம். அதனால்தான் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்கிறேன். அணைக்கட்டு மீனும் நல்லது, ஆனால் முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கும் வீட்டில் குழம்புத் தண்ணீரை மட்டும் குழந்தைக்கு விடுவது, பருப்புத் தண்ணீரில் செய்யும் அதே தவறு. கறியை நசுக்கிக் கொடுங்கள்.

சைவக் குடும்பம் என்றால் பருப்பு, கீரை, தயிர் தினமும் இருக்கட்டும். கீரை கொடுக்கும் வேளையில் நாலு சொட்டு எலுமிச்சையோ, வெந்த தக்காளியோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஏறும். பாலக்கோடு தக்காளி விலை விழுந்து சாலையில் கொட்டப்படும் ஊர் நம்முடையது, தக்காளிக்குப் பஞ்சமில்லை.

உப்பு, சர்க்கரை, வெல்லம்?

உப்பு ஒரு வயது வரை வேண்டாம். சர்க்கரையும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு வயது வரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருக்காது. அது வேறு ருசி அறியாதது. வெல்லத்தில் இரும்பு இருக்கிறது என்பார்கள், குழந்தை சாப்பிடும் அளவில் அது கணக்கில் வராது. இனிப்பு வேண்டுமென்றால் பழத்தை மசித்துப் போடுங்கள்.

மாம்பழம் கொடுத்தால் கட்டி வருமா?

வராது. கிருஷ்ணகிரியில் பிறந்த குழந்தைக்கு மாம்பழத்தை மறுப்பது நியாயமே இல்லை. கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து அதில் நிறைய. நன்றாகப் பழுத்த பழமாக, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்காததாகப் பார்த்து, கழுவி, தோல் நீக்கி, நார் இல்லாமல் மசித்துக் கொடுங்கள். பாட்டிலில் வரும் மாம்பழச் சாறு வேறு. அதில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும்தான். சீசன் இல்லாத மாதங்களில் பப்பாளி, கொய்யா.

கடை டப்பா உணவு, பிஸ்கட்?

பிஸ்கட்டையும் வறுக்கியையும் டீயிலோ பாலிலோ நனைத்துக் கொடுப்பது வேண்டாம். மைதா, சர்க்கரை, எண்ணெய் தவிர அதில் ஒன்றுமில்லை. டீ, காப்பி உணவிலிருக்கும் இரும்பையும் உறிஞ்சவிடாது. டப்பா உணவு கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவுக்கும் பால்பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. 1992-ல் வந்து 2003-ல் மேலும் கடுமையாக்கப்பட்ட சட்டம் அது. பால் பாட்டிலும் வேண்டாம். கிண்ணமும் ஸ்பூனும், அல்லது பாலாடை போதும். கழுவ எளிது, கிருமி தங்காது.

பசும்பால் கொடுக்கலாமா? எங்கள் வீட்டிலேயே மாடு இருக்கிறது.

ஒரு வயது வரை தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பாலை முக்கிய உணவாக்க வேண்டாம். அதில் இரும்பு மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் உண்டாகும். தயிராகவோ, கஞ்சியில் கொஞ்சமாகவோ சேர்க்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு நாளுக்கு இரண்டு டம்ளருக்குள் இருக்கட்டும். பாலிலேயே வயிறு நிரம்பிச் சோறு தொடாத, வெளுத்துப்போன குழந்தைகளை அடிக்கடி பார்க்கிறேன்.

குழந்தைக்குச் சமைக்க எந்தத் தண்ணீர்?

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது தனிக் கேள்வி. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு அதிகம். 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். பால்பல்லுக்கு அடியில் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது. இப்போது போகும் ஃபுளூரைடு பிறகு பல்லில் பழுப்புக் கறையாக நிற்கும், மேலும் கூடினால் எலும்பையும் வளைக்கும்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அதனால் காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குழந்தையின் கஞ்சிக்கும் குடிக்கவும் இரண்டு குடம் தனியாக மூடி வையுங்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது. தொக்கம் எடுக்கலாமா?

வேண்டாம். இதை ஓங்கிச் சொல்கிறேன். தொக்கம் எடுப்பது என்று வாயில் ஊதுவதும், தொண்டைக்குள் விரலை விடுவதும், குடலேற்றம் என்று வயிற்றைப் பிடித்துத் தட்டுவதும் குழந்தையை உண்மையிலேயே காயப்படுத்தும். உணவு பல நாளாகக் குடலில் ஒட்டிக்கொண்டிருப்பது என்று ஒன்று கிடையாது. எடுத்துக் காட்டும் துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே ஏதாவது அடைத்திருந்தால் திடீர் இருமல், மூச்சுத் திணறல், நீலம் பாரித்தல் இருக்கும். அதற்கு ஓட வேண்டிய இடம் மருத்துவமனை.

மறுக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். சளி, காய்ச்சல், வாய்ப்புண், காதுவலி இருக்கலாம். சற்று முன் பால் குடித்திருக்கலாம். நடுவில் பிஸ்கட் போயிருக்கலாம். ரத்தசோகை வந்தாலே பசி மங்கும். முதலில் இவற்றைப் பாருங்கள்.

புது ருசியைத் துப்புவது வெறுப்பு ஆகாது. எட்டு, பத்து தடவை கொடுத்த பிறகு ஏற்கும் குழந்தைகள் நிறைய. மூக்கைப் பிடித்து வாயில் அடைக்காதீர்கள். போனைக் காட்டியும் ஊட்டாதீர்கள். திரையைப் பார்த்து வாயைத் திறக்கும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, நிறைந்ததும் தெரியாது. நிலா காட்டி, காக்காய் காட்டிச் சோறூட்டிய பாட்டிகள் வாழ்ந்த ஊர் இது. முகம் பார்த்துப் பேசிக்கொண்டே, அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். அதன் கையிலும் கொஞ்சம் கொடுங்கள், சிந்தட்டும்.

வேலைக்குப் போகிறேன். பகலில் மாமியாரிடம் விட்டுப் போகிறேன். எப்படிச் சமாளிப்பது?

காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, இரவில் வேண்டும்போதெல்லாம் பால் கொடுங்கள். சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்தால் குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரம் இருக்கும். வெயில் காலத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள். காய்ச்சக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி ஸ்பூனில் கொடுக்கலாம்.

காலையில் செய்த கஞ்சியை மத்தியானம் வரை வைக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். வறுத்த சத்துமாவை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்துப் போனால், மாமியாருக்குப் பத்து நிமிட வேலை. கெட்டிப் பதத்தை ஒரு முறை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துக் காட்டிவிடுங்கள். வாயால் சொல்வதைவிட அது நிற்கும்.

கம்பெனியில் வேலை என்றால் 26 வாரப் பேறுகால விடுப்பு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் எல்லாம் சட்டம் தரும் உரிமைகள். மாங்கூழ் ஆலையிலும் பூப்பண்ணையிலும் தினக்கூலிக்குப் போகும் பெண்களுக்கு இது எட்டுவதில்லை என்பது தெரிந்தே எழுதுகிறேன். அவர்களுக்கு அங்கன்வாடியும் வீட்டுப் பெரியவர்களும்தான் துணை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தாய்சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயும் அங்கன்வாடி உண்டு, கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டால் போக்கு நிற்காது, குழந்தைதான் இளைக்கும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒவ்வொரு முறை போன பிறகும் ஸ்பூனால் கொடுங்கள், துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் சேர்த்து 14 நாள் முழுதும் கொடுங்கள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம் தொடரட்டும். குணமான பிறகு இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும். பல் முளைப்பதால் பேதி என்று விட்டுவிடாதீர்கள். ஈறு அரித்துக் கண்டதையெல்லாம் வாயில் வைப்பதால் வரும் கிருமிதான் காரணம்.

இவ்வளவு சாப்பிட்டாலும் மருந்து தேவையா?

தேவை. ஆறு மாதத்திலிருந்து இரும்புச்சத்துச் சிரப் வாரம் இரு முறை, ஒரு முறைக்கு ஒரு மில்லி. ஒன்பது மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு வைட்டமின் ஏ முதல் தவணை, பிறகு ஒன்றரை வயதில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை. ஒரு வயதுக்கு மேல் குடற்புழு மாத்திரை. எல்லாம் கிராம சுகாதார செவிலியரிடம் கிடைக்கும். சிரப் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

குழந்தை சரியாக வளர்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுத் தெரியாது. எடை போட்டுத்தான் தெரியும். பொதுவாக ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். மூன்று கிலோவில் பிறந்தது ஒரு வயதில் ஒன்பது கிலோ பக்கம் இருக்கும். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ‘எடை போட்டால் கண் படும்’ என்று மறைக்க வேண்டாம். கோடு மேலே ஏறினால் சரி. படுத்துவிட்டாலோ இறங்கினாலோ அந்த மாதமே கேளுங்கள்.

மேற்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தாலும், இரண்டு பாதமும் வீங்கி அழுத்தினால் குழி விழுந்தாலும் அது கடுமையான சத்துக்குறைவு. அதை வீட்டுச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முயல வேண்டாம். செவிலியரிடம் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. இரண்டுக்கும் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம்.